வழுக்கி விழுந்தால் நஷ்டஈடு கிடைக்குமா? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்துவிட்டால் கையில் மாவுக்கட்டோடும் கக்கத்தில் ஊன்றுகோலோடும் ஆட்கள் வரத் தொடங்குவார்கள். ஐப்பசி மழையில் இன்னொரு சுற்று. இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. படியில் பிடித்த பாசி காய்வதற்குள் அடுத்த மழை வந்துவிடும். வருகிறவர்கள் கேட்பதும் நான் சொல்வதும் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் எழுதி வைத்துவிட்டேன். வக்கீல் படித்துப் பார்த்து இரண்டு இடங்களில் திருத்தினார். உங்கள் வழக்குக்கு உங்கள் வக்கீல் சொல்வதே கணக்கு. இது அவரைப் பார்க்கப் போவதற்கு முன் படிக்கவேண்டியது.

அண்ணாச்சி, கால் வழுக்கி விழுந்ததற்கெல்லாம் கேஸ் போட முடியுமா? கேட்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?

சிரிப்பார்கள். அதனால்தான் இடுப்பெலும்பு முறிந்தவர்கூட 'நம் நேரம் சரியில்லை' என்று வீட்டில் படுத்துக்கொள்கிறார். ஆனால் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

விழுந்தது மட்டும் போதாது. அந்த இடத்தைப் பராமரிக்கும் பொறுப்பு ஒருவருக்கு இருந்தது, அங்கே ஆபத்து இருப்பது அவருக்குத் தெரியும், அல்லது தெரிந்திருக்கவேண்டும், நியாயமாகச் செய்யவேண்டியதை அவர் செய்யவில்லை, அதனால்தான் அடிபட்டது. இவ்வளவையும் காட்டவேண்டும். கடையில் ஒருவர் கைதவறி எண்ணெயைக் கொட்டிய அடுத்த நிமிடமே நீங்கள் வழுக்கினால் கடைக்காரரைக் குறைசொல்வது கடினம். அதே எண்ணெய் இரண்டு மணி நேரம் கிடந்தது, நாலு பேர் சொல்லியும் யாரும் துடைக்கவில்லை என்றால் கதை வேறு.

எங்கே போய்க் கேட்பது? போலீஸா, கோர்ட்டா, கலெக்டர் ஆபீஸா?

எங்கே விழுந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள், எங்கே போகவேண்டும் என்று சொல்கிறேன். காசு கொடுத்துப் பயன்படுத்தும் இடம் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பஸ் என்றால் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். ஓடும் ரயிலிலிருந்து விழுந்தால் ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயம். வேலை செய்யுமிடம் என்றால் இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு அல்லது தொழிலாளர் இழப்பீடு. பொதுச் சாலை, அரசு வளாகம், இன்னொருவர் நிலம் என்றால் சிவில் நீதிமன்றம். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறை என்று உங்கள் எல்லைக்கு உட்பட்டது.

அடி ஒன்றுதான், நுழையும் வாசலும் காலக்கெடுவும் வேறு வேறு. பஸ் படியில் விழுந்தவர் இரண்டு ஆண்டு இருக்கிறது என்று நினைத்து உட்கார்ந்திருந்து, எட்டாவது மாதம் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். போலீஸ் நஷ்டஈடு வாங்கித் தராது. ஆனால் அங்கே கொடுக்கும் புகாருக்கு வேறு பயன் உண்டு. அடுத்த பதிலில் வருகிறது.

விழுந்தவுடன் முதலில் என்ன செய்யவேண்டும்?

முதலில் மருத்துவம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையானாலும் பக்கத்துத் தனியார் மருத்துவமனையானாலும், கேட்கிற டாக்டரிடம் எங்கே, எப்படி, எத்தனை மணிக்கு விழுந்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். அவர் அதை விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். வழக்கின் அஸ்திவாரமே அந்த ஒரு பக்கம்தான். வலியில் துடிக்கும்போது கூட வந்தவர் 'வீட்டில் விழுந்துவிட்டார்' என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுவார். 'போலீஸ் கேஸ் என்றால் சேர்க்கமாட்டார்கள்' என்ற பயம். அந்த வாக்கியத்தைப் பிறகு அழிக்க முடியாது. எதிர்த்தரப்பு வக்கீல் அதை மட்டும் மூன்று முறை படிப்பார்.

அடுத்து, இடம். கூட இருப்பவர் செல்போனில் படம் எடுக்கட்டும்: ஈரம், உடைந்த ஓடு, கைப்பிடி இல்லாத படி, எரியாத விளக்கு. அருகிலிருந்து ஒன்று, அது எந்த இடம் என்று தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று. நீங்கள் போட்டிருந்த செருப்பையும் பத்திரமாக வையுங்கள். 'தேய்ந்த செருப்பு போட்டு வந்தார்' என்ற வாதம் எப்படியும் வரும். விழுந்ததைப் பார்த்த இரண்டு பேரின் பெயரும் போன் நம்பரும் வேண்டும்.

மூன்றாவது, எழுத்து. அந்த இடத்தின் மேலாளரிடம் அன்றைக்கோ மறுநாளோ நாலு வரி எழுதிக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்டோடு இணைக்கப்பட்டுவிட்டது. பலத்த காயம் என்றால் காவல் நிலையத்திலும் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். நுகர்வோர் வழக்குக்கு எஃப்.ஐ.ஆர். கட்டாயமில்லை. ஆனால் தேதியோடு கூடிய அரசுக் காகிதம் ஒன்று கையில் இருப்பது நல்லது.

நேராக ஆசானிடம் போய்க் கட்டுப் போட்டுவிட்டேன். எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை. கேஸ் போச்சா?

நம் மாவட்டத்துக்கென்றே உள்ள கேள்வி இது. எலும்பு முறிந்தால் வர்ம ஆசானிடம் போவது இங்கே தலைமுறை வழக்கம். அதில் குணமானவர்களையும் எனக்குத் தெரியும். சிகிச்சையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை, காகிதத்தைப் பற்றித்தான் சொல்கிறேன். வெற்றிலையில் தட்சணை வைத்துவிட்டு வந்த சிகிச்சைக்கு நீதிமன்றத்தில் எந்த எண்ணும் கிடையாது.

கேஸ் போகவில்லை. இப்போதாவது எக்ஸ்ரே எடுங்கள். கூடிவரும் எலும்பிலும் முறிவின் தடம் தெரியும். எலும்பு மருத்துவர் ஒருவரைப் பார்த்து, விழுந்த தேதியையும் இதுவரை செய்த சிகிச்சையையும் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஆசான் பதிவுபெற்ற சித்த மருத்துவராக இருந்தால் தேதி போட்ட சீட்டும் பில்லும் கேளுங்கள், அவை செல்லும். இனி விழப்போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஆசானிடம் போவதாக இருந்தாலும், போகிற வழியில் ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு போங்கள்.

கல்யாண மண்டபத்தில் கை கழுவும் இடத்தில் விழுந்தேன். மண்டபத்துக்கு வாடகை கட்டியது பெண் வீட்டார். நான் கேட்க முடியுமா?

முடியும். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பணம் கொடுத்தவரை மட்டும் நுகர்வோர் என்று சொல்லவில்லை. அவருடைய சம்மதத்தோடு அந்தச் சேவையை அனுபவிப்பவரும் நுகர்வோர்தான். அவர்கள் அழைப்பிதழ் தந்துதானே போனீர்கள்? அந்த அழைப்பிதழை எறிந்துவிடாதீர்கள், அதுவும் சாட்சிதான்.

இந்தக் கேள்வியில் எனக்குச் சொந்தக் கணக்கும் உண்டு. என் அம்மா விழுந்ததும் இப்படி ஓர் இடத்தில்தான். பந்தி முடிந்து முந்நூறு பேர் கை கழுவிய பளபள டைல்ஸ். ரசமும் பாயசமும் தண்ணீரும் கலந்து கிடந்தது. துடைக்க ஆளில்லை, ஒரு ரப்பர் விரிப்பும் இல்லை. மணிக்கட்டு முறிந்தது. சொந்தக்காரர் கல்யாணம், சங்கடம் வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். மண்டபத்தின் மீது போடும் வழக்கு பெண் வீட்டார் மீது போடும் வழக்கு அல்ல என்பதை அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. உங்களுக்கும் அதே தயக்கம் இருந்தால், எதிர்த்தரப்பு மண்டப நிர்வாகம் மட்டுமே. பெண் வீட்டாரிடமிருந்து வேண்டியது வாடகை ரசீதின் ஒரு நகல்தான்.

ஜவுளிக்கடைக்குள் நுழைந்ததும் விழுந்துவிட்டேன். ஒரு துண்டுகூட வாங்கவில்லை. நானும் நுகர்வோரா?

இது சிக்கலான இடம். பணம் கொடுத்தோ கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ வாங்குபவரைத்தான் சட்டம் நுகர்வோர் என்கிறது. பில் இல்லை என்றால் ஆணையத்தில் எதிர்த்தரப்பு முதலில் பிடிப்பது இதைத்தான். வாங்க அழைத்தவர் கடையைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும் என்ற கடமை அதனால் போய்விடாது. அதைச் சிவில் நீதிமன்றத்தில் கேட்கலாம், ஆனால் செலவும் காலமும் கூடும். கூட வந்தவர் ஏதாவது வாங்கியிருந்தால் அந்த பில்லைத் தேடி எடுங்கள்.

'வழுக்கும், கவனம். அசம்பாவிதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று போர்டு இருக்கிறதே?

முதல் பாதிக்கு மதிப்பு உண்டு. எச்சரித்தேன் என்று அவர்கள் காட்டலாம். போர்டு எங்கே இருந்தது, எந்த மொழியில் இருந்தது, வழுக்கும் இடத்துக்கு முன்பா பின்பா என்று பாருங்கள். கன்னியாகுமரிக்கு வரும் வட இந்தியப் பயணிக்குத் தமிழில் மட்டும் எழுதிய எச்சரிக்கையால் என்ன பயன்?

இரண்டாம் பாதிக்கு அவ்வளவு மதிப்பில்லை. ஓட்டலில் பார்க்கிங்குக்குக் கொடுத்த கார் திருடுபோன வழக்கில், டோக்கனில் அச்சிட்ட வாசகத்தைக் காட்டித் தன் கவனக்குறைவிலிருந்து ஓட்டல் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லியிருக்கிறது. அது கார், இது கால். வாதம் ஒன்றுதான்.

சி.சி.டி.வி. காட்சியைக் கேட்டால் தரமாட்டேன் என்கிறார்கள்.

தரமாட்டார்கள். நீங்கள் உடனே செய்யவேண்டியது, 'இந்தத் தேதி, இந்த நேரக் காட்சியை அழிக்காமல் வையுங்கள்' என்று எழுத்தில் கேட்பது. பெரும்பாலான கருவிகளில் சில நாட்களிலோ சில வாரங்களிலோ பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். கேட்ட பிறகும் அழிந்துபோனால், ஏன் அழிந்தது என்று அவர்கள்தான் விளக்கவேண்டியிருக்கும். யாராவது இரக்கப்பட்டுக் காட்சியைத் தந்தால், அதோடு மின்னணுச் சாட்சிக்கான சான்றிதழும் தேவை. பழைய சட்டத்தில் 65பி என்று சொன்னது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமத்தில் 63ஆம் பிரிவு.

நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் வைக்கவேண்டுமா? எவ்வளவு கட்டணம்?

வக்கீல் கட்டாயமில்லை, நீங்களே வாதாடலாம். வக்கீல் குமாஸ்தா இப்படிச் சொல்வது வீட்டுக்கு நல்லதில்லை; ஆனாலும் உண்மை அதுதான். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே இல்லை. இங்கே பலர் குழம்புகிறார்கள்: நீங்கள் கேட்கும் நஷ்டஈடு கணக்கில்லை, சேவைக்குக் கொடுத்த பணம்தான் கணக்கு. ஒரு லட்சம் வாடகை வாங்கிய மண்டபத்தில் விழுந்து பத்து லட்சம் கேட்டாலும் கட்டணம் கிடையாது. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். நம்முடையது நாகர்கோவிலில் இருக்கிறது. இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனு போடலாம். வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பேசிப் பார்க்கலாம். சிறிய தொகைகள் சில நேரம் அங்கேயே முடிந்துவிடும்.

எதிர்த்தரப்பு பதில் தர 30 நாள். ஆணையம் இன்னும் 15 நாள் கூட்டித் தரலாம், அதற்கு மேல் இல்லை. தீர்ப்பு வந்தும் பணம் தரவில்லை என்றால் சிறைவரை போக வழி உண்டு.

நடந்து போகும்போது ஓடை மூடி உடைந்து உள்ளே விழுந்தேன். யார் மேல் கேஸ்?

முதல் வேலை, அது யாருடைய சாலை என்று கண்டுபிடிப்பது. நம் ஊரில் இது சின்ன வேலை அல்ல. ஒரே சாலை பஸ் நிலையம் வரை மாநில நெடுஞ்சாலைத் துறையிடமும், அதைத் தாண்டிப் பேரூராட்சியிடமும் இருக்கும். தேசிய நெடுஞ்சாலை 66 என்றால் பொறுப்பு வேறு இடத்தில். இதற்கிடையில் குடிநீர்க் குழாய்க்காகத் தோண்டிய ஒப்பந்ததாரர் ஒருவர். ஒவ்வொருவரும் அடுத்தவரைக் காட்டுவார். 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள்: சாலையும் ஓடையும் யார் பராமரிப்பில் உள்ளன, கடைசியாக எப்போது பழுதுபார்த்தார்கள், அதற்கு முன் புகார்கள் வந்தனவா? 30 நாளில் பதில் வரவேண்டும். மூன்றாவது கேள்வியின் பதில் முக்கியம். புகார் வந்தும் சரிசெய்யவில்லை என்றால், முதல் பதிலில் சொன்ன 'தெரிந்திருக்கவேண்டும்' என்பது நிரூபணமாகிவிடும்.

தீர்ப்புகள் இரு பக்கமும் உண்டு. டெல்லி சாந்தினி சவுக்கில் மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் இறந்த வழக்கில், நல்லபடி பராமரித்த கட்டடம் தானாக விழாது, மாநகராட்சியே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 1966இல் சொன்னது. சாலையோர மரம் விழுந்து ஒருவர் இறந்த ராஜ்கோட் வழக்கில் 1997இல் மாநகராட்சி தப்பித்தது. டெல்லியில் மரக்கிளை முறிந்து விழுந்த வழக்கில் 1999இல் மாநகராட்சி தோற்றது. மரம் நோயுற்றதா, கிளை காய்ந்தது முன்பே தெரியுமா என்பதைப் போன்ற விவரங்களில்தான் இந்த வழக்குகள் திரும்புகின்றன. ஓடை மூடி மனிதன் செய்து போட்டது என்பதால் மரத்தைவிட உங்கள் நிலை மேல் என்பது என் எண்ணம்.

அரசு மீது சிவில் வழக்குப் போடுவதற்கு முன் இரண்டு மாத நோட்டீஸ் தரவேண்டும். நடந்ததில் தகராறே இல்லை என்றால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுவும் போடலாம். 'அவர் அங்கே விழவே இல்லை' என்று அரசுத் தரப்பு மறுத்தால் சிவில் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். நஷ்டஈடு ஒரு பக்கம் இருக்க, அடுத்தவர் விழாமலிருக்க அந்த மூடியைப் போடவைக்கவேண்டும் என்றால், பொதுத் தொல்லையை நீக்கக் கோரி நாகர்கோவில் அல்லது பத்மநாபபுரம் கோட்ட அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 152ஆம் பிரிவு. இது நஷ்டஈட்டைவிட வேகமாக நடக்கும்.

பைக்கில் போய்க் குழியில் விழுந்தேன். வேறு வண்டி எதுவும் இடிக்கவில்லை. இன்சூரன்ஸ் தருமா?

குழிக்குப் பொறுப்பானவர் மேல் வழக்கு என்றால் மேலே ஓடை மூடிக்குச் சொன்னதேதான். இன்சூரன்ஸில், வண்டி உங்கள் பெயரில் இருந்து, உரிமம் இருந்து, உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடும் கட்டியிருந்தால் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் பணம் உண்டு. சாதாரண எலும்பு முறிவுக்கு அதில் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவருக்கு அடி என்றால், ஓட்டியவரின் கவனக்குறைவைக் காட்டித் தீர்ப்பாயத்தில் கேட்கலாம். அதற்குப் பாலிசி முழுக் காப்பீடாக இருக்கவேண்டும்.

பஸ்ஸில் ஏறும்போதே விசில் அடித்து எடுத்துவிட்டார்கள். படியிலிருந்து விழுந்தேன்.

இது வழுக்கி விழுந்த கணக்கில் வராது. மோட்டார் வாகன விபத்து. மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவில் மனு. நீங்கள் குடியிருக்கும் எல்லைக்குள்ளேயே போடலாம். காலக்கெடு விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதம். இதற்கு மட்டும் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் வந்தால் வக்கீல் முகம் சுளிப்பார். டிக்கெட் எடுப்பதற்கு முன்பே விழுந்திருந்தாலும் வழக்கு உண்டு. பஸ் எண், தடம், நேரம், இந்த மூன்றையும் அன்றே குறித்துவையுங்கள்.

குழித்துறையில் ரயிலிலிருந்து இறங்கும்போது விழுந்தேன். என் மேல்தான் தப்பு என்கிறார்கள்.

நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் தினமும் போய்வருபவர்களுக்கு வேண்டிய பதில் இது. ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தால் ரயில்வே சட்டம் 124ஏ பிரிவில் நஷ்டஈடு உண்டு. அங்கே யார் தப்பு என்ற கேள்வியே கிடையாது. ஏறும்போதும் இறங்கும்போதும் விழுவது இதில் அடங்கும் என்றும், பயணியின் கவனக்குறைவைக் காட்டி மறுக்க முடியாது என்றும் உச்ச நீதிமன்றம் 2018இல் ரீனா தேவி வழக்கில் சொன்னது. உடலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதற்காக மட்டும் பயணி இல்லை என்று ஆகிவிடாது என்பதும் அதே தீர்ப்பு. வேண்டுமென்றே செய்துகொண்டது, குடிபோதை போன்றவைதான் விலக்கு. இறப்புக்கு 8 லட்சம், காயத்துக்கு அட்டவணைப்படி. ஓராண்டுக்குள் மனுப் போடவேண்டும். தீர்ப்பாயத்துக்குச் சென்னையிலும் எர்ணாகுளத்திலும் அமர்வுகள் உண்டு.

ரயிலிலிருந்து விழாமல் பிளாட்பார ஈரத்தில் வழுக்கினால் 124ஏ வராது. அங்கே கவனக்குறைவை நிரூபித்தாகவேண்டும். டிக்கெட் இருந்தால் நுகர்வோர் ஆணையம்.

முந்திரி ஆலையில் வேலை செய்யும்போது வழுக்கி விழுந்தேன். முதலாளி 'பார்த்து நடந்திருக்கவேண்டும்' என்கிறார்.

பார்த்து நடந்தீர்களா என்பது இங்கே பெரும்பாலும் கேள்வியே இல்லை. வேலையில், வேலை காரணமாக அடிபட்டால் போதும். இ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் சிகிச்சையும், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீத அளவுக்கு உதவித்தொகையும் உண்டு. முதலாளி விபத்து அறிக்கை அனுப்பவேண்டும். இ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு முதலாளியே இழப்பீடு தரவேண்டும். 1923ஆம் ஆண்டுச் சட்டம் இதைச் சொல்லிவந்தது. 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020 வந்துவிட்டது. ஒப்பந்ததாரர் வழியாக வந்த ஆள் என்று சொல்லி ஆலைக்காரர் நழுவ முடியாது.

ரப்பர் பால் வெட்டுபவர், பனையேறி, தென்னை ஏறுபவர் இவர்களெல்லாம் நல வாரிய அட்டையைப் புதுப்பித்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். தென்னை ஏறுபவர்களுக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் கேரா சுரக்ஷா காப்பீடும் இருக்கிறது. மரத்தடியில் கிடக்கும்போது விண்ணப்பம் போட முடியாது.

கோயில் பிரகாரத்தில் விழுந்தால்? அரசு ஆஸ்பத்திரி வராந்தாவில் விழுந்தால்?

எல்லோருக்கும் இலவசமாகச் சேவை தரும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது; இது உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. தனியார் மருத்துவமனைக் கழிவறையில் நோயாளி வழுக்கி விழுந்தால் வரும். கோயிலில் சும்மா கும்பிடப் போனவர் நுகர்வோர் என்று நிரூபிப்பது கடினம். கட்டண டிக்கெட் எடுத்தவருக்கு வாதிட இடமாவது உண்டு. இரண்டுக்கும் சிவில் வழக்கு என்ற வழி திறந்தே இருக்கிறது. கல்தரையில் எண்ணெய் சிந்திக் கிடந்ததை அடுத்தவர் மிதிக்கும்முன் படம் எடுத்துவிடுங்கள்.

செல்போன் பார்த்துக்கொண்டே நடந்தேன். இதை மறைத்துவிடலாமா?

மறைக்கவேண்டாம். காட்சிப் பதிவில் அது இருக்கும். உங்கள் பங்குக் கவனக்குறைவு இவ்வளவு சதவீதம் என்று கணக்கிட்டு அந்த அளவுக்குத் தொகையைக் குறைப்பார்கள். பொய் சொல்லிப் பிடிபட்டால் மீதியையும் நம்பமாட்டார்கள்.

எவ்வளவு கிடைக்கும்?

எல்லோருக்கும் முதலில் வரும் கேள்வி. நான் வேண்டுமென்றே பின்னால் போட்டிருக்கிறேன். மருத்துவச் செலவு, போக்குவரத்து, உதவியாள் செலவு, வேலை இழந்த நாட்கள், இவை பில்லோடு வரும் கணக்கு. வலிக்கும் வேதனைக்கும் ஒரு தொகை. நிரந்தர ஊனம் என்றால் மோட்டார் விபத்து வழக்குகளின் பெருக்கல் முறையை மற்ற இடங்களிலும் எடுத்துக்காட்டுவதுண்டு. உதாரணமாக, மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் 45 வயது பால்வெட்டுத் தொழிலாளிக்கு உழைக்கும் திறனில் 20 சதவீதம் குறைந்தது என்று வையுங்கள். ஆண்டு வருமானம் 1,80,000. அந்த வயதுக்குப் பெருக்கு எண் 14. பெருக்கினால் 25,20,000. அதில் 20 சதவீதம் 5,04,000 ரூபாய்.

மருத்துவர் எழுதும் ஊன சதவீதமும் உழைப்புத் திறன் இழப்பும் ஒன்றல்ல. கணுக்கால் மடங்காத கிளார்க் மறுபடி நாற்காலிக்குப் போய்விடுவார். அதே கணுக்காலோடு பனையேறி என்ன செய்வார்? 2010இல் ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. வீட்டு வேலை மட்டும் செய்யும் பெண்கள் 'எனக்கு வருமானம் இல்லையே' என்பார்கள். வீட்டுப் பெண்ணின் உழைப்புக்கும் பண மதிப்புப் போடவேண்டும் என்று 2001 முதல் பல தீர்ப்புகள் இருக்கின்றன.

5,000 ரூபாய் கொடுத்து ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

அந்தக் காகிதத்தின் நகல் வேண்டும். 'முழுத் தீர்வாக, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று இருந்தால் கடினம். அது என்ன என்று தெரியாமல், மயக்கத்திலோ கட்டாயத்திலோ போட்டது என்று நீங்கள் நிரூபிக்கவேண்டும். இனி யாராவது பணம் நீட்டினால் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் 'மருத்துவச் செலவில் ஒரு பகுதிக்காக மட்டும்' என்று உங்கள் கையால் எழுதிய பிறகு கையெழுத்துப் போடுங்கள். அதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அவர்கள் நினைப்பது என்ன என்று தெரிந்துவிடும்.

விழுந்தது திருவனந்தபுரத்தில். கேஸுக்கு அங்கே அலையவேண்டுமா?

நுகர்வோர் வழக்கு என்றால் வேண்டாம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலேயே, அதாவது நாகர்கோவிலிலேயே போடலாம். சிவில் வழக்கு என்றால் விழுந்த இடத்திலோ எதிர்த்தரப்பு இருக்கும் இடத்திலோதான்.

காலக்கெடு முடிந்துவிட்டால்?

பஸ், ரயில் கெடு மேலேயே சொல்லியாயிற்று. நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டு. தகுந்த காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. சிவில் வழக்குக்குப் பொதுவாக 3 ஆண்டு. ஆனால் அரசு அமைப்பு என்றால் ஓராண்டுதான் என்று எதிர்த்தரப்பு வாதிட இடமிருப்பதால், ஓராண்டுக்குள் முடித்துவிடுங்கள். அடிபட்டவர் இறந்துவிட்டால் குடும்பத்தார் போடும் சிவில் வழக்குக்கு 2 ஆண்டு. சிறு பிள்ளைக்கு அடிபட்டிருந்தால் சிவில் வழக்கின் கெடு 18 வயது முடிந்த பிறகுதான் ஓடத் தொடங்கும். அதற்காகக் காத்திருக்கவேண்டாம், சாட்சிக்காரர்கள் காத்திருக்கமாட்டார்கள்.

செலவுக்குப் பணம் இல்லை.

நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. தொலைபேசி எண் 15100. சிவில் வழக்கில் நீதிமன்றக் கட்டணம் கேட்கும் தொகையில் 3 சதவீதம். கட்ட வழியில்லாதவர் ஏழை என்று மனுப் போட்டு விலக்குக் கேட்கலாம்.

மச்சினன் வீட்டுக் கிணற்றடியில் விழுந்தேன். அவன் மேல் கேஸ் போடலாமா?

சட்டப்படி பார்த்தால், பாசி பிடித்த கிணற்றடிக்கு வீட்டுக்காரரும் பதில் சொல்லவேண்டியவர்தான். இத்தனை ஆண்டுகளில் இப்படி ஒரு வழக்கை நான் டைப் செய்ததில்லை. வீட்டில் கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பியவர்கள் திரும்பி வந்ததும் இல்லை. அதற்குப் பதில் உங்கள் வங்கிப் பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. 18 முதல் 70 வயது வரை உள்ளவருக்கு, எங்கே விழுந்தாலும் விபத்து விபத்துதான்: இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் 2 லட்சம், ஒரு கையோ காலோ ஒரு கண்ணோ நிரந்தரமாகப் போனால் 1 லட்சம். பிடித்திருக்கிறதா என்று மே மாதக் கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் உள்ள பக்கத்தில் தேடுங்கள்.